இயந்திரம் எழுதிய ரெக்கார்டு நோட்டு

மாணவ நண்பர்களே, தனி ஊசல் சோதனையை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். ஒரு நூல், ஓர் உலோகக் குண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம். இவை போதும். குண்டைச் சற்றே இழுத்து விட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். விடை 9.8-ஐ ஒட்டி வர வேண்டும்.

நான் பாடம் நடத்தும் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் மாணவி ஒருவர் சில மாதங்களுக்கு முன் இச்சோதனையின் ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்துக்காகக் கொண்டுவந்தார். அவருக்குக் கிடைத்த விடை 10.9. பிழை பத்து விழுக்காட்டுக்கும் மேல். பிழை வருவது குற்றமன்று. அதை விளக்குவதற்காகவே நோட்டின் கடைசியில் 'பிழைக்கான காரணங்கள்' என்றொரு பகுதி உண்டு. அந்தப் பகுதி மிக நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தது. காற்றின் தடை, நூலின் நீட்சி, குண்டின் பருமன், அலைவின் வீச்சு போதிய அளவு சிறியதாக இல்லாமை என நான்கு காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். இந்த நான்கு காரணங்களும் அலைவு நேரத்தை என்ன செய்யும்? நூல் நீண்டால் ஊசல் மெதுவாக ஆடும். வீச்சு பெரிதானாலும் ஓர் அலைவுக்குச் சற்று அதிக நேரம் பிடிக்கும். காற்றும் குண்டின் பருமனும் மிகச் சிறிய அளவில் அதையேதான் செய்யும். ஆக, நான்கும் அலைவு நேரத்தைக் கூட்டுபவை. முடுக்கத்தைக் கணக்கிடும்போது அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம் அல்லவா? நேரம் கூடினால் விடை 9.8-ஐ விடக் குறைய வேண்டும். மாணவிக்கோ கூடுதலாக வந்திருக்கிறது! சொன்ன காரணம் ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மை. ஆனால் ஒன்றுகூட இந்தப் பிழைக்குப் பொருந்தவில்லை.

"இதை யாரம்மா எழுதியது?" என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "சாட்ஜிபிடி, சார்" என்றார்.

ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய் ஊசலை மறுபடி ஆட்டச் சொன்னேன். குண்டை விட்டார், கடிகாரத்தை அழுத்தினார், அதே கணத்தில் "ஒன்று" என்றார். காரணம் கிடைத்துவிட்டது. பூச்சியத்தில் தொடங்க வேண்டிய எண்ணிக்கை ஒன்றில் தொடங்கியிருக்கிறது. அவர் "இருபது" என்று சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தும்போது குண்டு 19 முறைதான் ஆடியிருக்கும். ஒரு மீட்டர் நீள ஊசலுக்கு 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.1 விநாடி ஆக வேண்டும். அவர் குறித்திருந்தது 38.1. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 20-ஐ 19-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.108. அதை 9.8-ஆல் பெருக்கினால் 10.86. பாவம், காற்றின் மேல் வீண் பழி!

அப்படியானால் இயந்திரம் பொய் சொன்னதா? இதற்கு விடை காண, அது எப்படி எழுதுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கணிப்பொறி தேவையில்லை. இரண்டு பாடப்புத்தகங்களும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும்.

ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'மழை' என்று வைத்துக்கொள்வோம். அறிவியல் புத்தகத்தை எங்காவது திறந்து, 'மழை' என்ற சொல் வரும்வரை பார்த்துக்கொண்டே வாருங்கள். வந்ததும் அதற்கு அடுத்த சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நீர்' என்றிருக்கலாம். இப்போது வேறொரு பக்கத்தையோ, வரலாற்றுப் புத்தகத்தையோ திறந்து 'நீர்' வரும் இடத்தைத் தேடி, அதற்கு அடுத்த சொல்லை எழுதுங்கள். இப்படியே தொடருங்கள். எனக்கு இவ்வாறு ஒரு வரி கிடைத்தது: "மழை நீர் கொதிக்கும் போது அரசர் தம் மாணவர்களுடன் மரக்கன்று நட்டார்." சிரிப்பு வருகிறது அல்லவா? ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சொற்களை மட்டும் பாருங்கள். எங்கும் உறுத்தல் இல்லை. வாக்கியம் முழுவதற்கும்தான் பொருளில்லை.

இந்த விளையாட்டு என் கற்பனையன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன், 1948-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் ஆங்கிலத்தை வைத்து இதைச் செய்து காட்டினார். அதற்கும் முன்னால், 1913-ல், ருஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ், புஷ்கின் எழுதிய செய்யுள் நாவல் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிரெழுத்துக்குப் பின் உயிர் எத்தனை முறை வருகிறது, மெய் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணியிருக்கிறார்.

இன்றைய இயந்திரத்தின் வேலையும் அடிப்படையில் இதுவே: இதுவரை எழுதியதைப் பார்த்து, அடுத்து வரத்தக்க சொல்லை, அல்லது சொல்லின் ஒரு துண்டை, ஊகித்து எழுதுவது. வேறுபாடு என்னவென்றால், நாம் ஒரே ஒரு சொல்லைத் திரும்பிப் பார்த்தோம். அது ஆயிரக்கணக்கான சொற்களைத் திரும்பிப் பார்க்கிறது. இதற்கு அட்டவணை போட்டு வைக்க முடியாது. ஒரு மொழியில் 10,000 சொற்களே உள்ளன என்று கொண்டாலும், மூன்று சொற்கள் அடுத்தடுத்து வரும் வகைகள் மட்டுமே ஒரு லட்சம் கோடி! எனவே அட்டவணைக்குப் பதிலாக, ஏராளமான எண்களைக் கொண்ட ஒரு கணித அமைப்பு பயன்படுகிறது. மலைமலையாக எழுத்துகளைக் கொடுத்து, அடுத்த சொல்லை ஊகிக்கச் சொல்லி, தவறும்போதெல்லாம் அந்த எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறார்கள். 2020-ல் வந்த ஜிபிடி-3 என்ற அமைப்பில் இத்தகைய எண்கள் 17,500 கோடி. இவ்வமைப்புகளின் அடிப்படை வடிவத்தை கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். அதன் பெயர் டிரான்ஸ்ஃபார்மர். (நீங்கள் பாடத்தில் படிக்கும் மின்மாற்றிக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.) பின்னர், எந்த விடை நன்றாயிருக்கிறது என்று மனிதர்களைக் கொண்டு தரம் பிரிக்கச் செய்தும் பழக்கினார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்களின் கைக்கு வந்தது.

இப்போது நம் ரெக்கார்டு நோட்டுக்குத் திரும்புவோம். 'தனி ஊசல், பிழைக்கான காரணங்கள்' என்று கேட்டால் அடுத்து வரத்தக்க சொற்கள் எவை? உலகிலுள்ள ஆயிரமாயிரம் நோட்டுகளிலும் புத்தகங்களிலும் எழுதப்பட்டவைதாம்: காற்று, நூல், குண்டு, வீச்சு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி "ஒன்று" என்று தொடங்கி எண்ணியது எந்தப் புத்தகத்தில் இருக்கும்?

இயந்திரத்தை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவதும் சரியன்று. ஊசல் கணக்குகள் பலவற்றை அது பிழையில்லாமல் போட்டுவிடுகிறது. "எல்லா நீளங்களுக்கும் விடை ஒரே விகிதத்தில் கூடுதலாக வருகிறதே, ஏன்?" என்று அளவீடுகளைக் கொடுத்துக் கேட்டிருந்தால், எண்ணிக்கைத் தவறை அது சுட்டிக் காட்டியிருக்கவும் கூடும். ஆனால் அப்படிக் கேட்பதற்கு, விடை கூடுதலாக வந்திருப்பதை அவர் முதலில் கவனித்திருக்க வேண்டும். அதை எப்போது கவனிக்கிறோம்? என் அனுபவத்தில், எழுதும்போதுதான். "காற்றின் தடையால் அலைவு நேரம்..." என்று தொடங்கிப் பாருங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. கூடியது என்பதா, குறைந்தது என்பதா என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. அந்த இடத்தில் பேனா நிற்கும். நின்றால் அட்டவணையைத் திரும்பப் பார்ப்போம். மாணவி இழந்தது அந்த ஒரு நிமிடத்தை.

பார்த்து எழுதுவது புதிய வழக்கமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நானே முதலாண்டில் ஒரு சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து, அவர் போட்டிருந்த தேதியையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொண்டவன். ஆனால் சீனியரின் நோட்டு எல்லா நேரமும் கையில் கிடைக்காது. அது எல்லாப் பாடத்துக்கும் உதவாது. கேட்ட மாத்திரத்தில் நம் கேள்விக்கென்றே புதிதாக எழுதியும் தராது.

அந்த நிமிடம் உண்மையிலேயே அவ்வளவு பெறுமானமுள்ளதா? இரண்டு ஆய்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது, இவ்வியந்திரங்கள் வருவதற்கு முந்தியது. 2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்டது. மாணவர்கள் இரண்டு பாடப் பகுதிகளைப் படித்தார்கள். ஒன்றை மறுபடியும் ஒருமுறை படித்தார்கள். மற்றதை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம், மறுபடி படித்த பகுதி 81 விழுக்காடு நினைவிலிருந்தது; எழுதிப் பார்த்தது 75 விழுக்காடுதான். படிப்பதே மேல் என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் கதை தலைகீழானது. மறுபடி படித்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தது 56. இத்தனைக்கும் எழுதியபோது அவர்களுடைய விடைகளை யாரும் திருத்தித் தரவில்லை. நினைவுக்குக் கொண்டுவரப் பட்ட சிரமமே பயன் தந்திருக்கிறது.

இரண்டாவது ஆய்வு துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 2023-ல் நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் நடத்தியது. பாடம் கணிதம், ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள் உங்கள் வயதினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் புத்தகத்தையும் குறிப்புகளையும் வைத்துப் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, கேட்டதற்கு விடை தரும் இயந்திரம் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் இயந்திரமே; ஆனால் விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் துணையோடு அமைக்கப்பட்டது. பயிற்சியின்போது இரண்டாம் பிரிவினர் முதற் பிரிவினரைவிட 48 விழுக்காடு அதிக மதிப்பெண் பெற்றார்கள். மூன்றாம் பிரிவினரோ 127 விழுக்காடு அதிகம்! பிறகு இயந்திரத்தை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். இரண்டாம் பிரிவினரின் மதிப்பெண், இயந்திரத்தையே தொடாத முதற் பிரிவினரைவிட 17 விழுக்காடு குறைந்தது. குறிப்பு மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவினருக்கு அந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று: தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை இரண்டாம் பிரிவினர் உணரவேயில்லை.

பள்ளி ஆசிரியர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் ஒரு செய்தி. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் நிரல்களை நம்பி எந்த மாணவரையும் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு நிரல்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, அந்நிரல்கள் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொல்லின. எளிய, பழகிய சொற்களால் எழுதுவதே அவர்கள் செய்த குற்றம்! தமிழ் பேசி வளர்ந்து ஆங்கிலத்தில் தேர்வெழுதும் நம் பிள்ளைகளும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டுபிடிப்பு நிரலை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. நான் இப்போது நோட்டைக் கையிலெடுத்ததும், "இந்த அளவீட்டை எடுத்தபோது என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று இரண்டு நிமிடம் பேசவைக்கிறேன். அறுபது மாணவர்கள் உள்ள வகுப்பில் இது எளிதன்று. என்றாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த மாணவி மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்தார். விடை 9.7 வந்தது. 'பிழைக்கான காரணங்கள்' பகுதியில் இம்முறை மூன்றே வரிகள், ஓர் அடித்தல் திருத்தலோடு. குண்டை விட்ட கணத்தில் பூச்சியம் என்று தொடங்கியதாகவும், நூலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் மேல்விளிம்புவரை மட்டுமே அளந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். நூலின் நீளம் உண்மையைவிடக் குறைவாகக் குறிக்கப்பட்டால் விடை கூடுமா, குறையுமா? அவர் 'குறையும்' என்று எழுதி, அதற்குக் கீழே கணக்கையும் போட்டிருந்தார். கையெழுத்திட்டேன்.

உங்களுக்கும் ஒரு கணக்கு. வேறொரு மாணவர் 20-க்குப் பதிலாக 21 அலைவுகளை எண்ணிவிட்டு, 20 என்று நினைத்துக்கொள்கிறார். அவருக்குக் கிடைக்கும் விடை என்ன? இந்த முறை காற்று, நூல், குண்டு, வீச்சு ஆகிய நான்கும் சரியான திசையில்தான் இருக்கின்றன. ஒரு மீட்டர் நூல் அந்த அளவு பிழையைத் தர வேண்டுமானால் எத்தனை சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுவிட்டு, பிறகு நூலின் மேல் பழி போடலாமா என்று சொல்லுங்கள்.