ஜில் ஜில் ரமாமணிக்கு முன்னும் பின்னும்

மன்னார்குடியில் 1937-இல் பிறந்த கோபிசாந்தா, தாயோடு பிழைப்புத் தேடிக் காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்த சிறுமி. நாடக மேடை அவரை மனோரமா ஆக்கியது. செட்டிநாட்டுப் பேச்சு 'ஆச்சி' ஆக்கியது. எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடக மன்றத்தில் நடித்துக்கொண்டிருந்தவரை, 1958-இல் 'மாலையிட்ட மங்கை' மூலம் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். கிடைத்தது நகைச்சுவை வேடம்.

அந்தக் காலப் படங்களில் நகைச்சுவைக்கென்று தனிக் கிளைக்கதை ஓடும். நாயகன், நாயகியின் கால்ஷீட்டுக்குக் காத்திருக்காமல் சில நாள்களில் அதை எடுத்து முடித்துவிடலாம். ஒரே சமயத்தில் பல படங்களில் நடிக்க அது வழிவிட்டது. மனோரமாவின் படக்கணக்கு ஆயிரத்தைத் தாண்டியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருந்தது. என்.எஸ்.கிருஷ்ணனோடு டி.ஏ.மதுரம் என்ற காலத்திலிருந்தே நகைச்சுவை நடிகை என்றால் ஒருவருக்கு 'ஜோடி'. சிரிப்பு வெடிக்கும் வசனம் பெரும்பாலும் ஆணுக்கு, எடுத்துக்கொடுப்பது அவருக்கு. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று ஜோடிகள் மாறினார்கள். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாகவும் நடித்துப் பார்த்தார். அந்தப் பாதை நீளவில்லை.

ஜோடி என்ற வேலியை உடைத்தது 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. ஊர் ஊராய்ப் போகும் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி, யாருக்கும் ஜோடியாக எழுதப்பட்டவள் அல்ல. குழைவான பேச்சும் தளுக்கும் நம்மைச் சிரிக்கவைக்கும். நாயகன் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வர வித்தை மீது அவள் வைத்திருக்கும் மரியாதை சட்டென்று சிரிப்பை நிறுத்தும். கொட்டகை வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த ஒருவரால்தான் அவளைக் கேலிப்பொருளாக்காமல் நடிக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிவாஜி, பத்மினி, டி.எஸ்.பாலையா என்று பெரிய ஆட்கள் நிறைந்த படத்தில் அவள் தனியாக நிற்கிறாள். அதே ஆண்டில் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷைப் பாட்டு ஒன்றைத் தன் குரலிலேயே பாடி, இன்னொரு ஊர்க்காரியாகவே மாறினார்.

வயது கூடியபோது நாயகிகளுக்கு வரும் தேக்கம் அவருக்கு வரவில்லை. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மா, சளைக்காமல் வாதாடுகிறாள்; கொட்டகை கைதட்டுகிறது. 'சின்னத் தம்பி' (1991), 'சின்னக் கவுண்டர்' (1992) இரண்டிலும் தாய் வேடம். சிரிப்பில் பழகிய அந்த நேரக்கணக்குதான் அழுகைக் காட்சியையும் தாங்கியது: எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை விழுங்குவது என்று அவருக்குத் தெரியும்.

ரமாமணி திரைக்கு வந்த ஆண்டில், தேசிய விருதுகளில் துணை நடிகைக்கென்று ஒரு பிரிவே கிடையாது. 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் அது தொடங்கியது. 'புதிய பாதை' (1989) படத்துக்காக அந்த விருது மனோரமாவிடம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.