வெள்ளி முத்திரை பெற்ற நூல்கள்

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எத்தகைய கதைநூல்களை வாங்கிக் கொடுக்கலாம் என்று பெற்றோர் பலர் வினவுவதுண்டு. வினவிய கையோடு ஒரு நிபந்தனையும் விதிப்பர்: கதையில் சாவும் அழுகையும் இருத்தலாகாது! பிள்ளை மனம் நோகுமாம். இந்நிபந்தனையை நாம் ஏற்பதற்கில்லை. அடக்கச் சடங்கிற்காகச் செல்லும் இல்லங்களில் நாம் காண்பதென்ன? பாட்டியின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்க, பேரப்பிள்ளைகள் அருகிலேயே நிற்கின்றனர். சாவை அவர்கள் கண்டுவிட்டனர்; அதுபற்றி அவர்களோடு பேசுவோர்தாம் இல்லை. நல்ல நூல் அக்குறையை ஓரளவு நீக்க வல்லது.

அமெரிக்க நூலகச் சங்கம் 1922ஆம் ஆண்டு முதல் சிறுவர் இலக்கியத்திற்கு ‘நியூபெரி பதக்கம்’ வழங்கி வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டனில் சிறுவர்க்கென நூல்கள் பதிப்பித்து விற்ற ஜான் நியூபெரியின் பெயரால் அமைந்தது அது. ஆண்டுதோறும் ஒரு நூலுக்கே பதக்கம். அதற்கு அடுத்த நிலையில் நின்ற சில நூல்களுக்குச் ‘சிறப்பு நூல்’ என்னும் தகுதி. முன்னதன் அட்டையில் பொன் முத்திரை, பின்னவற்றில் வெள்ளி முத்திரை. வாங்குவோர் பொன்னையே நாடுவர், இயல்புதானே! ஆயினும் 1953ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பதக்கம் பெற்றது, ஆன் நோலன் கிளார்க் எழுதிய ‘சீக்ரெட் ஆஃப் தி ஆண்டீஸ்’. அதனை இன்று அறிந்தோர் சிலரே. வெள்ளியோடு நின்றதோ ஈ. பி. ஒயிட் எழுதிய ‘சார்லட்ஸ் வெப்’!

வில்பர் என்னும் பன்றிக்குட்டி, தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்றறிந்து அஞ்சி நடுங்குகிறது. தொழுவத்து வாயிலில் வாழும் சார்லட் என்னும் சிலந்தி, தன் வலையிலே அதன் புகழைச் சொற்களாக நெய்து அதனைக் காக்கிறது. பின்னர் முட்டைகளை இட்டுவிட்டுச் சந்தைத் திடலில் தன்னந்தனியே உயிர்விடுகிறது. ஆசிரியர் இதனைப் பூசி மெழுகவில்லை. மெய்ன் மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த அவர், தாம் பேணிய பன்றியொன்று நோயுற்று மாண்டது குறித்து 1948இலேயே ஒரு கட்டுரை எழுதியவர். முட்டைப்பையை வில்பர் தன் வாயில் வைத்துக் காத்து வீடு கொண்டு சேர்க்கும் இடத்தைப் படித்து அழும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வசந்தத்தில் 514 குஞ்சுகள் வெளிவருவதையும் அப்பிள்ளையே படித்துவிடும்.

2001இல் வெள்ளி பெற்ற ‘பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி’ கேட் டிகமிலோவின் முதல் நாவல். பத்து வயது ஓப்பலைக் குழந்தைப் பருவத்திலேயே தாய் விட்டுச் சென்றுவிட்டாள். தந்தை ஒரு போதகர். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்பவர், மகளிடம் மட்டும் வாய்திறவாதவர். (நம்மைப் போன்றோர் இப்பகுதியை இருமுறை வாசிக்கலாம்!) பல்பொருள் அங்காடியில் கண்டெடுத்த நாயின் துணையால் துணிவு பெற்ற ஓப்பல், தாயைப் பற்றிப் பத்துச் செய்திகள் சொல்லுமாறு தந்தையைக் கேட்கிறாள். தாயின் குடிப்பழக்கமும் அவற்றுள் ஒன்று. குடியால் நிலைகுலைந்த இல்லங்கள் நம் ஊர்களில் எத்தனை! அத்தகைய இல்லத்துப் பிள்ளைக்கு இந்நூல், தான் தனித்தில்லை என்பதை உணர்த்தும். நடை மிக எளிது. ஆங்கிலம் தட்டித் தடுமாறுவோரும் படிக்கலாம்.

மூன்றாவது நம் நாட்டுக் கதை. வீரா ஹிரானந்தானியின் ‘தி நைட் டைரி’ 2019இல் வெள்ளி பெற்றது. பிரிவினை ஆண்டான 1947. சிந்து மாநிலத்து மீர்ப்பூர்காஸ். இந்துத் தந்தைக்கும் முஸ்லிம் தாய்க்கும் பிறந்தவள் பன்னிரண்டு வயது நிஷா. பிரசவத்தில் மறைந்த தாய்க்கு அவள் இரவுதோறும் எழுதும் மடல்களே நூல். தான் எந்தப் பக்கத்தவள் என்னும் அவளது கேள்விக்குப் பெரியோர் எவரிடமும் விடையில்லை. எல்லை நோக்கிய நடையில் தண்ணீரின்றி அவள் தம்பி சாவின் விளிம்புக்கே செல்கிறான். நூலாசிரியரின் தந்தை குடும்பமும் அவ்வூரிலிருந்து இடம்பெயர்ந்ததே.

இந்நூலில் வன்செயல் காட்சிகள் சில வருதலின், பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு வேண்டாம். பெற்றோர் முதலில் தாம் படித்துவிடுதல் நன்று. தமிழ்வழி பயிலும் பிள்ளைகளுக்கு மூன்று நூல்களையும் இரவு உணவுக்குப் பின் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லலாம். ‘சார்லட்’டைப் பொறுத்தவரை எட்டு வயதே போதும்.