சேமித்தால் உதவி நின்றுபோகும்!

அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு இரண்டு வழிகளில் பணம் தருகிறது. வேலை பார்த்துச் சமூகப் பாதுகாப்பு வரி கட்டியவர்களுக்கு ஒரு திட்டம். கட்டாதவர்களுக்கும், கட்டியும் போதிய தொகை வராதவர்களுக்கும் 'எஸ்.எஸ்.ஐ.' என்ற இன்னொன்று. அதிபர் நிக்ஸன் 1972-ல் கையெழுத்திட்ட சட்டம் இது. 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இதில் இரண்டு சோதனைகள். முதலாவது மருத்துவம்: பெரியவர்களென்றால், வேலை பார்த்துப் பிழைக்க முடியாத அளவுக்குக் குறைபாடு இருக்க வேண்டும், அது ஓராண்டாவது நீடிப்பதாகவோ உயிரைப் பறிக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, கையிருப்பு. தனிநபரிடம் 2,000 டாலர், தம்பதியிடம் 3,000 டாலர். மாதப் பிறப்பன்று இதைத் தாண்டியிருந்தால் அந்த மாத உதவி கிடையாது. குடியிருக்கும் வீட்டையும் ஒரு காரையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உறைந்துபோன வரம்பு

உதவித்தொகை விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. 2025-ல் அதிகபட்சம் மாதம் 967 டாலர். கையிருப்பு வரம்போ 1989-லிருந்து அசையவில்லை. தொடக்கத்தில் இருந்த 1,500 டாலர் விலைவாசியோடு ஏறியிருந்தாலே இன்று 9,000-ஐத் தாண்டியிருக்கும்.

சம்பாதிப்பவர்களுக்குச் சலுகை உண்டு. வேறு வருமானம் இல்லாதவர் மாதம் 585 டாலர் சம்பாதித்தால், முதல் 85 டாலரையும் மீதியில் பாதியையும் தள்ளிவிட்டு 250 டாலரை மட்டுமே வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக, 2025-ன் தொகைப்படி 717 டாலர் உதவி கிடைக்கும். ஆனால் அந்தச் சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால், வரம்பு குறுக்கே வரும்.

கல்யாணத்துக்கும் விலை உண்டு. 2025-ன் தொகைப்படி தனித்தனியே இருவர் பெறக்கூடியது 1,934 டாலர். கணவன் மனைவியானால் 1,450. உறவினர் போடும் இலவசச் சாப்பாட்டைக்கூட வருமானமாகக் கணக்கிட்டார்கள். அந்த விதி 2024 செப்டம்பர் 30-ல்தான் போனது. வாடகையின்றித் தங்கவைத்தால் இன்றும் உதவி குறையலாம்.

2014-ன் 'ஏபிள்' சட்டம் ஒரு வாசல் திறந்தது. அதன்படி தொடங்கும் தனிக்கணக்கில், உதவியை இழக்காமல் 1,00,000 டாலர் வரை சேமிக்கலாம். 26 வயதுக்குள் குறைபாடு வந்தவர்களுக்கே இருந்த அந்த வாய்ப்பு, 2026 ஜனவரி முதல் 46 வயதாக நீண்டிருக்கிறது. அந்த வயதுக்குப் பிறகு பார்வையோ நடையோ இழந்தவருக்கு அந்த வாசலும் இல்லை.

வரம்பை 10,000 டாலராக்கும் மசோதாவை 2023-ல் இரு கட்சி செனட்டர்களும் சேர்ந்து கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. உதவித்தொகைக்குப் பொருந்தும் விலைவாசிக் கணக்கை வரம்புக்கும் பொருத்துவதே நியாயம்.