ஐயாயிரம் நண்பரும் ஒரு வினாவும்



முன்னாளில் ஒருவரை நோக்கி, "உமக்கு நண்பர் எத்தனை பேர்?" என்று கேட்டால், அவர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். இக்காலத்து இளைஞரோ கைப்பேசியைத் திறந்து பார்த்துச் சொல்கிறார். முகநூலில் ஒருவர் 5,000 பேர் வரையில் நண்பராகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மனிதர் ஒருவர் உண்மையாகப் பழகி உறவைப் பேணக்கூடியவர் தொகை ஏறத்தாழ 150 என்று, ராபின் டன்பார் என்னும் ஆங்கில அறிஞர் 1990-களில் கணித்தார். அந்தக் கணக்கைப் பற்றி அறிஞரிடையே வாதம் உண்டு. 150 ஆயினும் 300 ஆயினும், 5,000-க்கு அது மிகக் குறைவே. எஞ்சியவர் யாவர்? நாம் இட்ட படத்தைக் கண்டு, ஒரு விருப்பக்குறியை இட்டுவிட்டு அகல்பவர்.

சமூக ஊடகங்களை இகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. பாபநாசத்து மாணவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஒருவரோடு உரையாடலாம் என்பது எளிய பேறா? ஆயினும், அத்தகைய பேறு அதே ஊர்ப்புறத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் கைப்பேசி இல்லாத காலத்திலேயே வாய்த்தது.

பாபநாசத்துக்கு அருகே உள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய அவர், 1880 பிப்ரவரியில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அந்தாதி, கலம்பகம், உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அவர் பயின்றிருந்த நூல்களின் பெயர்களைச் சொல்லி முடிக்கவே நெடுநேரமாகும். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, ஐயர் தம் பட்டியலை ஒப்பித்தார். பட்டியல் நீண்டதே ஒழிய, முதலியாரின் முகம் மலரவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். ஐயர் அந்நூல்களைக் கண்டதுமில்லை.

நேயர்கள் இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். முகத்துக்காக நாலு வார்த்தை புகழ்ந்து அனுப்பிவிடுவது முதலியாருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. பின்னர்ச் சிந்தாமணிப் பிரதி ஒன்றைத் தந்து, அதனைத் தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்டார். பாடம் சொல்லப் புகுந்த ஐயருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண காவியம் என்று அறிந்ததும், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று ஐயம் தீர்த்துக்கொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் வெளிவந்தன. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பேராசிரியர் அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். அன்று முன்சீபு கேட்ட வினாவுக்குப் பதிலாக நூறு பேர் கைதட்டியிருந்தால், ஐயர் மகிழ்ந்திருப்பார், அவ்வளவே.

அஞ்சலட்டை அந்நாளில் புதுமை. 1879-இல் காலணா விலைக்கு வந்தது. காலணா கொடுத்து எழுதுகிறவர் எழுதுமுன் சற்று யோசிப்பார். செலவின்றி அனுப்புகிறவருக்கு அந்த யோசனை தேவைப்படுவதில்லை. ஐயர் தமக்கு வந்த கடிதங்களைக் கருத்தோடு பேணி வைத்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவை இப்பொழுது நூலாகவே கிடைக்கின்றன. நம் கைப்பேசிக்கு இன்று காலையில் வந்த செய்திகளுள் எத்தனை அவ்வாறு பேணத் தக்கவை?

இதில் குறை முழுவதும் நம்முடையதன்று. முகநூலில் விருப்பக்குறி 2009-இல் ஏற்பட்டது. அதுமுதல் பாராட்டு ஓர் எண்ணாகிக் கண்முன் நிற்கிறது. விரைந்து மறுமொழி ஈட்டும் செய்தியையே இவ்வூடகங்களின் கணிப்பொறி முறைகள் முன்னே நிறுத்துகின்றன. சினமும் வியப்பும் விரைந்து மறுமொழி ஈட்டும். ஆழ்ந்த வினா ஈட்டாது. 2018-இல் வதந்திகள் பரவி, நம் நாட்டில் குற்றமற்றவர் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் எல்லை வகுத்தது. எண்ணிக்கைக்கு அணை போட, அதனால் வாழும் நிறுவனமே முன்வர வேண்டியதாயிற்று.

இதே இணையம் வேறு விதமாகவும் பயன்பட்டிருக்கிறது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் முன்னின்று, பல நாடுகளில் பரவியிருந்த தமிழன்பர்களை மின்னஞ்சல் வழியே இணைத்தனர். ஒருவர் பழந்தமிழ் நூலொன்றைத் தட்டச்சுச் செய்ய, மற்றொருவர் பிழை திருத்தினார். ஊதியம் இல்லை. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடிய புறநானூற்றைப் பாபநாசத்து மாணவர் இன்று காசின்றிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். படிக்கும்போது ஓர் அடி விளங்காமற்போகும். அதனை எவரிடம் கேட்கலாம் என்று அவர் தம் 5,000 பேரின் பட்டியலில் தேடத் தொடங்கினால், ஒருவர் இருவரே மிஞ்சுவர். அவர்களுள் ஒருவருக்கு அன்றிரவே அவர் எழுதலாம்.