சுயேச்சை றொக் இசையும் ஒரு முதல் இசைத்தட்டும்

மேல்நாட்டு இசையில் 'சுயேச்சை றொக்' என்றொரு வகை வழங்கி வருகிறது. இப்பெயர் முதலிற் குறித்தது இசையின் இலட்சணத்தையன்று. இசைத்தட்டு வெளியாகும் முறையையே. பெருங் கம்பனிகளின் பணமும் அனுமதியுமின்றிச் சிறு நிறுவனங்கள் தாமே தட்டுக்களை வெளியிட்டன. அதனால் விளைந்தது யாது என்பதை அறிய, 1979 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் வெளிவந்த 'அன்நோன் பிளெஷேர்ஸ்' என்னும் தட்டு ஒன்றே போதும். 'அறியாத இன்பங்கள்' என்பது அதன் பொருள். ஜோய் டிவிஷன் என்னும் குழுவின் முதல் நெடுந்தட்டு இது.

அயன் கேட்டிஸ், பேணாட் சம்னர், பீற்றர் ஹுக், ஸ்ரீபன் மொறிஸ் ஆகிய நால்வரும் மான்செஸ்ரர் வட்டாரத்து இளைஞர். மேடையிலே அவர்கள் இசை இடிமுழக்கம் போன்றது. தட்டிலே கேட்பதோ வேறு. ஸ்ரொக்போட் நகரின் ஸ்ரோபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் மாட்டின் ஹானெற் என்பவர் மேளங்களின் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துப் பதிந்தார். ஓர் ஒலியைக் கணப்பொழுது பிந்தச் செய்து மீள ஒலிக்கவைக்கும் கருவியையும் கையாண்டார். கண்ணாடி உடையும் ஓசைகூடப் பாடலுட் புகுந்தது. ஆளில்லாத பெருங் கட்டடமொன்றில் நால்வர் எட்ட எட்ட நின்று வாசிப்பது போன்ற உணர்வு கேட்போருக்கு உண்டாகிறது. தங்கள் வேகத்தைக் கெடுத்துவிட்டாரென ஹுக்கும் சம்னரும் குறைப்பட்டனர். ஆயினும் அத்தட்டை இன்றுவரை நிலைக்கச் செய்தது அந்த வெறுமையே.

உறையும் விந்தையானது. பீற்றர் சவில் அமைத்த கரிய முகப்பிலே குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை. வெண்கோடுகள் மட்டுமே உள. 1967 இல் கேம்பிறிட்ஜில் கண்டறியப்பட்ட துடிக்கும் விண்மீனொன்றின் வானொலி அலைகளைக் காட்டும் வரைபடம் அது. விற்கவேண்டிய பொருளின் பெயரை மறைக்க எந்த வியாபாரி எளிதில் இசைவான்?

இசைந்தவர் ரொனி வில்சன் என்னும் தொலைக்காட்சி அறிவிப்பாளர். பக்டரி என்னும் நிறுவனத்தை நண்பருடன் தொடங்கிய அவர், தம் சேமிப்பிலிருந்து பணமிட்டு முதலில் 10,000 பிரதிகள் செய்வித்தார். இலாபத்தில் சரிபாதி கலைஞருக்கு; பதிவுகளின் உரிமை முழுவதும் கலைஞருக்கே என்பது ஏற்பாடு.

1980 மே மாதத்தில், தம் 23 ஆம் வயதிலே, கேட்டிஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரும் நியூ ஓடர் என்னும் பெயரில் பக்டரியிலேயே தொடர்ந்தனர். 1992 இல், கடனில் மூழ்கிய பக்டரியை வாங்க இலண்டன் றெக்கோட்ஸ் என்னும் கம்பனி முன்வந்தது. ஆவணங்களை ஆராய்ந்தபோது, அக்கம்பனி விரும்பிய பதிவுகள் நிறுவனத்துக்குச் சொந்தமல்ல, கலைஞருக்கே சொந்தமென்பது தெரியவந்தது. பேரம் முறிந்தது, பக்டரி மூடப்பட்டது.