வேம்பார்ச் சுண்ணாம்பும் பெங்களூரு ஈயும்

அன்று

தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையின் ஏழூர்களில் வடகோடி வேம்பார். இந்தக் கரை கால்சியம் என்ற உலோகத்தைக் கையால் அறிந்திருந்தது. முத்து, சிப்பி, பவளப்பாறை எல்லாமே அதன் கார்பனேட்டுதான். கடலடிப் பாரில் மூழ்கி எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்துப் புழு சதையைத் தின்றபின் கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். பனையேறி கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவார். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும், பழ ஈ தேடி வரும். கூடினால் நாக்கு பொறுக்காது. அளவு அவர் விரலில் இருந்தது.

கடலில் அந்த அளவு பேணப்படவில்லை. 1961க்குப் பின் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டுவதோ தொடர்ந்தது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லித் தீவே கடலுக்குள் போயிற்று.

இன்று

பவளத்தை எடுப்பது குற்றம். நல்லதண்ணி, உப்புத்தண்ணி உள்ளிட்ட வேம்பார்த் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. கால்சியத்தைப் பற்றிய அறிவும் உயிரணுவுக்குள் இறங்கிவிட்டது.

உயிரணுவின் உள்நீரில் கால்சியம் மிகக் குறைவு. வெளியே இருப்பதில் ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்கு. இன்னும் கொஞ்சத்தை உயிரணு தனியறையில் பூட்டி வைக்கிறது. சமிக்ஞை வந்தால் திறக்கும் கதவு ஒரு புரதம். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கைத்தி ஹசன் குழுவினர் அந்தக் கதவின் மரபணுவைப் பழ ஈயில் சிதைத்துப் பார்த்தார்கள். புழுவின் தோலுரிப்பு தாமதமானது, அதை ஏவும் எக்டைசோன் ஹார்மோன் வெளிவருவதும் தடைபட்டது என்று 1997இல் எழுதினார்கள். மரபணு ஓரளவே பழுதான ஈக்கள் முழுதாக வளர்ந்தும் பறக்கவில்லை என்பதை 2004இல் காட்டினார்கள். மனிதரிடம் இதே வகை மரபணு பழுதானால் சிறுமூளை தளர்ந்து நடை தள்ளாடுகிறது.

அன்று இந்த உலோகம் எடுத்து விற்கும் பொருள். இன்று அது வளரவும் பறக்கவும் உடலுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் தூது என்று தெரிகிறது. சிப்பியைப் பற்றிய அறிவும் வளர்ந்திருக்கிறது: தூத்துக்குடியில் 1973இலேயே வளர்ப்பு முத்து எடுத்தார்கள். முத்துச்சிப்பியின் மரபணுத் தொகுதி 2012இல் வெளியானது. கடல்நீரில் அமிலத்தன்மை கூடக்கூடச் சிப்பி ஓடு கட்டத் திணறும் காலம் இது. ஈயிடம் கற்றதைச் சிப்பியிடம் கேட்கும் ஆய்வு இந்தக் கரையிலேயே நடக்க வேண்டும்; வேம்பார்ப் பிள்ளைகள் அதைச் செய்ய வேண்டும். சிப்பியை எடுத்தே வாழ்ந்த ஊருக்கு, அதைக் காக்கும் அறிவில் முதல் உரிமை உண்டு.