ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்... 293318625600-ல் அப்படி என்ன இருக்கு?

கணிதமேதை ராமானுஜன் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது 1729. ஆனா, அவர் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் விடுபட்டுப்போன ஒரு எண்ணும் இருக்கு. அது 293318625600. நம்ம கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

என்ன பட்டியல் அது?

கோவளம் கடற்கரைக்கு ஒரு படகு 60 வஞ்சிரத்தோட வந்து சேருதுன்னு வெச்சுக்கலாம். பங்குக்கு 2 பேரோ, 3 பேரோ, 4, 5, 6 பேரோ நின்னாலும் ஒரு மீனைக்கூட வெட்டாமல் சமமா பிரிச்சிடலாம். 59 மீன் என்றால் சிக்கல்தான். 60-ஐ மீதமில்லாமல் வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், மொத்தம் 12. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

இப்படி, தனக்கு முன்னால் உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்தும் எண்ணுக்கு ராமானுஜன் வைத்த பெயர் 'ஹைலி காம்போசிட் நம்பர்'. தமிழில் மிகு பகு எண் எனலாம். 1915-ல் லண்டன் கணிதச் சங்க இதழில் வெளியான கட்டுரையில் இப்படிப்பட்ட 102 எண்களை அவர் அடுக்கினார். கடைசி எண் 6746328388800. கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதை மறக்கக் கூடாது! 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இந்த ஆய்வுக்குத்தான்.

எங்கே விடுபட்டது?

பட்டியலில் 240940299600-க்கு 4,800 காரணிகள். அதற்கு அடுத்து வருவது 321253732800, இதற்கு 5,376. இரண்டுக்கும் நடுவில்தான் நம்ம எண் இருந்திருக்கணும். சரிபார்ப்பதும் ஈஸிதான். இந்த எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் தலா இரண்டு முறை, 11, 13, 17, 19 தலா ஒரு முறை வரும். ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக 7 வழி. மற்றதுக்கும் இப்படியே போட்டால் 7×5×3×3×2×2×2×2 = 5,040 காரணிகள். 4,800-ஐ முந்திடுச்சு, அதனால் இடம் உறுதி.

இன்னொரு சுவாரஸ்யம்: 5040-ம் ஒரு மிகு பகு எண். அதற்குக் காரணிகள் 60. அதே வஞ்சிரக் கணக்கு 60! அந்த 60-க்கு 12, 12-க்கு 6. எல்லாமே அதே பட்டியல் எண்கள்தான்.

அப்போ ராமானுஜன் கோட்பாடு தப்பா? இல்லை. விடுபட்டது அட்டவணையில் ஒரு வரி மட்டும்தான். தேற்றங்களுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. உண்மையில் பெரிய இழப்பு வேறு. முதல் உலகப்போர் காலத்தில் சங்கத்துக்குப் பணத் தட்டுப்பாடு. அதனால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவே இல்லை. அது வெளிவந்தது 1997-ல்.

விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. 6746328388800 வரும். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்!